தொப்பையா, கழலையா? வயிற்றுக்குள் வளரும் கொழுப்புக் கட்டியும் கொதிகலன் ஆலையும்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். வெல்டிங் முடிந்த ஒரு பாகம், அல்லது வார்ப்பிலிருந்து வந்த கனமான ஒரு இரும்புத் துண்டு. அதன் மேல் ஒருத்தர் கூழ் மாதிரி ஒன்றைத் தடவுகிறார். கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை அதில் வைத்து மெதுவாக நகர்த்துகிறார். கையிலிருக்கும் சின்னத் திரையில் ஒரு கோடு எகிறி எகிறி அடங்குகிறது. இரும்புக்குள் வெடிப்போ காற்றுக் குமிழியோ இருந்தால், எகிறக் கூடாத இடத்தில் கோடு எகிறும். "யு.டி. பாக்குறாங்க" என்பார்கள். அல்ட்ராசானிக் டெஸ்டிங்.

அதே ஆள் வயிறு உப்பலா இருக்குன்னு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனால், அங்கே இன்னொருத்தர் அவருடைய வயிற்றில் கூழ் தடவி, கொஞ்சம் பெரிய கருவியை வைத்து நகர்த்துவார். இரண்டும் ஒரே குடும்பம். இதில் யார் மூத்தவர் என்று கேட்டால், ஆஸ்பத்திரிக் கருவிதான் முதலில் வந்திருக்கும், பிறகு தொழிற்சாலைக்குப் போயிருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். நடந்தது பெரும்பாலும் தலைகீழ்.

அந்தக் கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கும் வித்தைக்கு ஆகக் கடினமான பரீட்சை எது என்ற கேள்வி வந்தது. என் பதில்: கொழுப்புக் கட்டி. வயிறே கொழுப்பு நிறைந்த இடம். அதற்குள் கொழுப்பாலேயே ஆன ஒரு கட்டி வலிக்காமல், காய்ச்சல் தராமல், மெதுவாக வளர்ந்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பார்த்த பிறகும், அது சாதுவானதா என்று எப்படிச் சொல்வது? இந்த இரண்டு கேள்விக்கும் மருத்துவம் தேடிய விடைகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பெயர். தோலுக்கடியில் வரும் கொழுப்புக் கட்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். தோளில், முதுகில், முன்கையில் வரும். அழுத்தினால் விரலுக்கு நழுவிப் போகும், வலிக்காது. ஆங்கில மருத்துவத்தில் லைப்போமா. தமிழில் கழலை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. மென்திசுக்களில் வரும் சாதுக் கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். ஆனால் இது வயிற்றுக்குள் வருவது அரிது. வந்தால் நாலைந்து இடங்களில் வரும்: குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வான மெசென்ட்ரியில், குடல்களுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்கும் கொழுப்புப் படலத்தில், பெருங்குடலின் உட்சுவரில், அப்புறம் எல்லாவற்றுக்கும் பின்னால், சிறுநீரகங்கள் இருக்கிற அந்தப் பெரிய இடத்தில். கடைசியாகச் சொன்னதை இங்கே பின்வயிறு என்று சொல்லிக்கொள்கிறேன். சிறுநீரகத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் கொழுப்பு கலந்த வேறு சில சாதுக் கட்டிகள் வருவதுண்டு. அவற்றுக்குப் பிறகு வருவோம்.

கழலையை நம் ஊர் மருத்துவம் வெகுகாலமாக அறியும். சுஸ்ருத சம்ஹிதை, மேதஸ் அதாவது கொழுப்பால் வரும் முடிச்சைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறது: வழவழப்பானது, பெரிசாகும், அதிகம் வலிக்காது. இதுவரை அச்சு அசல் லைப்போமா. உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும், உடம்பு மெலிந்தால் அதுவும் மெலியும் என்று ஒரு குறிப்பும் உண்டு. இந்த இடத்தில் இன்றைய மருத்துவம் நேர் எதிராகப் பேசுகிறது. பட்டினி கிடந்து உடம்பு இளைத்தாலும் லைப்போமா பொதுவாக இளைப்பதில்லை. உடம்பின் சேமிப்புக் கொழுப்போடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிற கொழுப்பு அது. "உடம்பு வத்திருச்சு, வயிறு மட்டும் குறையல" என்று ஒருவர் சொன்னால் டாக்டர் காது கொடுக்க வேண்டியது இதனால்தான். ஆனால் அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: கட்டியை மிச்சம் வைத்து எடுத்தால் அது சீக்கிரமே திரும்ப வரும், ஆளையும் கொல்லும். பின்வயிற்றுக் கட்டி அறுவை செய்கிறவர்கள் இன்று பயப்படுவதும் சரியாக இதற்குத்தான்.

தோல் கட்டியை அறுக்கலாம், சுடலாம். வயிற்றைத் திறப்பது வேறு விஷயம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வயிற்றைத் திறந்தால் சாவு நிச்சயம் என்றே பெரும்பாலான சர்ஜன்கள் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. மயக்க மருந்து 1846இல்தான் வந்தது, கிருமி நீக்கி அறுவை செய்வதை லிஸ்டர் எழுதியது 1867இல். அதற்கெல்லாம் முன்பு, 1809இல், அமெரிக்காவின் கெண்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல் என்பவர் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து 22 பவுண்டுக்கு மேல் எடையுள்ள சூலகக் கட்டியை மயக்க மருந்தே இல்லாமல் எடுத்தார். அந்த அம்மா பிழைத்து, மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் அது ஒரு விதிவிலக்காகவே வெகுகாலம் இருந்தது.

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு கிளை உண்டு, அது பலருக்கும் தெரியாது. மேரி ஷார்லீப், வழக்கறிஞரான கணவரோடு சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்மணி. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதாலேயே இங்கே பெண்கள் பிரசவத்திலும் நோயிலும் சாவதைப் பார்த்து, 1875இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். அந்த வருடம் அங்கே சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். 1878இல் முடித்துவிட்டு லண்டன் போய் மேற்படிப்பு, திரும்பவும் சென்னை. 1885இல் சாதி இந்து மற்றும் கோஷா பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையின் மூலம் அதுதான். உடல்நிலை சரியில்லாமல் 1887இல் இங்கிலாந்து திரும்பிய பிறகு, லண்டனில் அவர் பெயர் வாங்கியது எதில் தெரியுமா? வயிற்று அறுவை சிகிச்சையில். பெண்கள் டாக்டராவதே அதிசயமாக இருந்த காலத்தில், பெரிய பெரிய வயிற்றுக் கட்டிகளை அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஷார்லீப்பை இங்கே இழுத்ததற்குக் காரணம் அவருடைய கத்தி மட்டுமல்ல, கையும்தான். அந்தக் காலத்தில் வயிற்றுக் கட்டியைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே கருவி டாக்டரின் உள்ளங்கை. படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, விரல்களால் தேட வேண்டும். கோஷாவுக்குள் இருந்த பெண்ணின் வயிற்றில் அந்தக் கையே படவில்லை. அதனால் கட்டி பானை அளவு ஆன பிறகுதான் தெரிந்தது. யாருடைய வயிற்றில் டாக்டர் கை படுகிறது, யாருடையதில் படவில்லை என்ற இந்தக் கேள்வியை நம் தொழிற்பேட்டைக்கு வரும்போது மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

1895இல் எக்ஸ்ரே வந்தது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வளாகத்தில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் திறந்தது. எலும்பு முறிவுக்கும் நுரையீரலுக்கும் இது பெரிய வரப்பிரசாதம். வயிற்றுக் கொழுப்புக் கட்டிக்கு? பாதி உதவி. எக்ஸ்ரேயில் கட்டி நேராகத் தெரிவது குறைவு. பேரியம் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தால் குடல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஊசி மருந்து போட்டுச் சிறுநீரகத்தைப் படம் எடுத்தால் அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்திருக்கும். நெரிசலான பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், நடுவில் யாரோ பெரிய மூட்டையோடு நிற்கிறார் என்று ஊகிக்கிற மாதிரி. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். பல பத்தாண்டுகள் சர்ஜன்கள் அப்படித்தான் திறந்தார்கள்.

இனி கொதிகலன் ஆலைக்குப் போவோம்.

இரும்புக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து உள்பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியை 1940 வாக்கில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் என்ற இயற்பியலாளர் உருவாக்கினார். அதே சமயத்தில் பிரிட்டனில் ஸ்ப்ரௌல் என்பவரும் செய்தார். போர்க்காலத்தில் உலோகத்தில் ஒளிந்திருந்த வெடிப்புகளைக் கண்டுபிடிக்க அவை தேவைப்பட்டன. நம் ஒரகடம் "யு.டி."க்கு மூதாதை இதுதான். போர் முடிந்ததும் கப்பல் கட்டும் ஊர்களில் இது சர்வ சாதாரணமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ.

அங்கே 1954இல் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக வந்தவர் இயன் டொனால்ட். போரில் விமானப்படையில் இருந்தவர் என்பதால் ரேடார், சோனார் சமாச்சாரமெல்லாம் அவருக்குக் கொஞ்சம் பழக்கம். கடலுக்கடியில் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் வயிற்றுக்குள் கட்டியைக் கண்டுபிடிக்க முடியாதா என்பது அவருடைய கேள்வி. கிளாஸ்கோ பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற இடத்தில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனியின் கொதிகலன் ஆலை இருந்தது. 1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சூலக நீர்க்கட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு அவர் அந்த ஆலைக்குப் போனார். கட்டியில்லாத சாதாரணத் திசு எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட வேண்டுமே? அதற்கு ஆலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள். கொதிகலன் வெல்டிங் பார்க்கிற கருவியை அந்தக் கட்டிகள் மேல் வைத்தார்கள். திடமான கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, நீர்க்கட்டி வேறு மாதிரி. டொனால்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர் டாம் பிரவுன். கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியில் இருந்த, இருபத்துச் சொச்சம் வயது எஞ்சினியர். யாரோ ஒரு பேராசிரியர் தங்கள் கம்பெனியின் பழுது கண்டறியும் கருவியை மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, டெலிபோன் டைரக்டரியில் நம்பர் தேடித் தானாகவே கூப்பிட்டார். டொனால்டிடம் இருந்த கருவி ரொம்ப மோசமான நிலையில் இருந்ததாம். பிரவுன் நல்ல ஒன்றை வாங்கித் தந்தார், பிறகு மனித உடம்புக்கென்றே ஒன்றை வடிவமைத்தார். டொனால்ட், மேக்விகார் என்ற டாக்டர், பிரவுன் மூவரும் சேர்ந்து 1958 ஜூன் 7 தேதியிட்ட லேன்சட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கு ஸ்கேன் என்றாலே நமக்குக் கர்ப்பம்தான் ஞாபகம் வரும். அந்தக் கட்டுரையின் தலைப்பில் கர்ப்பம் இல்லை. ஒலித்துடிப்பு மூலம் வயிற்றுக் கட்டிகளை ஆராய்வது என்பதுதான் தலைப்பு.

அந்த ஆய்வில் ஒரு பெண்மணி வருகிறார். வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. இரைப்பைப் புற்றுநோய், இனி அறுவையால் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். டொனால்ட் கருவியை வைத்துப் பார்த்தபோது, வயிற்றில் பரவிக் கிடக்கும் நீர் மாதிரி அது தெரியவில்லை. தெளிவான சுவருள்ள ஒரு பெரிய நீர்க்கட்டி தெரிந்தது. திறந்தார்கள். பிரம்மாண்டமான சூலகக் கட்டி, சாது வகை. எடுத்தார்கள், அந்த அம்மா பிழைத்தார். அதற்குப் பிறகு தங்களுக்குத் திரும்பிப் பார்க்கவே நேரமில்லை என்கிற மாதிரி டொனால்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவர் என்று எழுதிவைத்த ஒருவரை ஒரு வெல்டிங் சோதனைக் கருவி வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

இதில் நம்ம ஊர் சேர்கிற இடம் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார் ஆலைதான் அந்த சிப்காட்டின் அடையாளம், சரி. ஆனால் அதே இடத்தில்தான் ட்ரிவிட்ரான் நிறுவனத்தின் மருத்துவத் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் பழம்பெருமை உள்ள ஜப்பானின் அலோகாவோடு கூட்டாக ஸ்கேன் கருவி தயாரிக்க வந்த இடம் அது. இப்போது ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா ஒன்றை சிப்காட் அமைக்கிறது. கிளாஸ்கோவில் கொதிகலன் ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன கருவி, அறுபது எழுபது வருடம் கழித்து இங்கே மறுபடி ஒரு தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த சுற்று.

ஆனால் கொழுப்புக் கட்டி விஷயத்தில் அல்ட்ராசவுண்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. நீர்க்கட்டியை அது பிரமாதமாகக் காட்டும், ஏனென்றால் நீருக்குள் எதிரொலியே இல்லை, திரையில் கறுப்பாகத் தெரியும். கொழுப்பு அப்படி இல்லை. கட்டியும் கொழுப்பு, சுற்றியிருப்பதும் கொழுப்பு. எது எங்கே முடிகிறது என்று கோடு கிழிப்பது கஷ்டம். நடுவில் குடல் காற்று மறைக்கும். நோயாளி பருமனாக இருந்தால் ஒலியே ஆழம் போவதற்குள் களைத்துவிடும். "ஏதோ பெருசா இருக்கு, சி.டி. எடுத்துப் பாருங்க" என்று ஸ்கேன் ரிப்போர்ட் முடியும். அது சோம்பேறித்தனம் இல்லை, நேர்மை.

சி.டி.யும் ஒரு கம்பெனிக் கதைதான். கிராமபோன் தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அதை உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அருகே அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு. பீட்டில்ஸ் விற்ற பணத்தில்தான் சி.டி. வந்தது என்று ஒரு கதை உலவும். கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் அதை மிகை என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் பணம் போட்டிருக்கிறது. முதலில் வந்த கருவி ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் எடுத்துக்கொண்டது. தலையை அசைக்காமல் வைக்கலாம், வயிற்றை அப்படி வைக்க முடியாதே, மூச்சு விட வேண்டுமே! ஒரு மூச்சுப் பிடிக்கிற நேரத்துக்குள் படம் எடுக்கும் கருவி 1970களின் நடுவில் வந்த பிறகுதான் வயிறு திறந்துகொண்டது.

ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த பெரிய காரியம் படம் மட்டுமல்ல, எண். உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் கதிரைத் தடுக்கும் அளவை வைத்து ஒரு எண் வரும். தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. தசை ஏறக்குறைய 40, 50. கொழுப்பு? சுமார் மைனஸ் 100. உடம்பில் தண்ணீருக்குக் கீழே இறங்குவது காற்றையும் நுரையீரலையும் விட்டால் கொழுப்பு மட்டும்தான். ஆக, ஒரு கட்டியின் மேல் சுட்டியை வைத்து மைனஸ் 100 என்று வந்தால், கத்தி வைக்காமலே, அதற்குள் கொழுப்புதான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கு முன் எந்தக் காலத்திலும் எந்த டாக்டருக்கும் இந்த வசதி இருந்ததில்லை.

இந்த ஒரு எண்ணால் சில கட்டிகளுக்கு அறுவையே தேவையில்லாமல் போனது. அட்ரினல் சுரப்பியில் வரும் மயலோலைப்போமா, கொழுப்பும் எலும்பு மஜ்ஜைத் திசுவும் கலந்த விசித்திரமான சாதுக் கட்டி. சி.டி.யில் கொழுப்பு தெரிந்து, அளவு சின்னதாக இருந்து, தொந்தரவும் இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். சிறுநீரகத்தில் வரும் ஆன்ஜியோமயோலைப்போமாவும் அப்படித்தான், அளவு 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரத்தக் கசிவுக்குப் பயந்து கவனிப்பார்கள். பெருங்குடல் சுவரில் வரும் லைப்போமாவைக் கேமரா குழாய் விட்டே கண்டுபிடிக்கலாம். இடுக்கியால் அழுத்தினால் தலையணை மாதிரி அமுங்கி எழும். அது பெரிதானால் மட்டும் ஒரு ஆபத்து: குடல் அதை உணவென்று நினைத்து முன்னே தள்ளப் பார்க்கும், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்ளும். குழந்தைகளுக்கு வரும் குடல் சொருகலுக்குப் பெரும்பாலும் கட்டி காரணமில்லை. பெரியவர்களுக்கு வந்தால் முனையில் ஏதோ ஒரு கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். விட்டு விட்டு வலி, வாந்தி. "கேஸ் ட்ரபிள்"னு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டே பல வாரம் ஓட்டிவிட முடியும் என்பதுதான் இதில் தொல்லை.

இனி பின்வயிறு. உண்மையான சிக்கல் இங்கேதான்.

அந்த இடம் விசாலமானது. 20 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகும் ஆளுக்குத் தெரியாமல் இருக்க முடியும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஒரு காலில் வீக்கம் வரலாம், பெல்ட் ஓட்டை ஒவ்வொன்றாகத் தள்ளிப் போகும். ஆணுக்கு என்றால் தொப்பை என்பார்கள், பெண்ணுக்கு என்றால் கர்ப்பமா என்று கேட்பார்கள். சி.டி. எடுத்தால் மைனஸ் 100 வரும். கொழுப்புக் கட்டி, சாது, சந்தோஷம் என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. தோலுக்கடியில் கோடிப் பேருக்கு வரும் லைப்போமா, பின்வயிற்றில் மிக மிக அரிது. அங்கே கொழுப்பால் ஆன பெரிய கட்டி என்றால் லைப்போசார்கோமா என்ற புற்றாக இருக்கும் வாய்ப்பே அதிகம். அதிலும் மிகச் சாதுவாக வேஷம் போடுகிற ஒரு வகை உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தாலும் ஏறக்குறைய சாதாரணக் கொழுப்பு மாதிரியே இருக்கும். அங்கங்கே நார்ப்பட்டைகள், ஒன்றிரண்டு விகார அணுக்கள், அவ்வளவுதான். 1979இல் எவன்ஸும் அவர் சகாக்களும் இப்படிப்பட்ட 30 நோயாளிகளின் பழைய திசுக்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தோன்றும் கட்டி கையிலோ காலிலோ இருந்தால் ஆளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, பின்வயிற்றில் இருந்தால் திரும்பத் திரும்ப வந்து கொல்கிறது. அதனால் கைகாலில் வந்தால் ஒரு பெயர், பின்வயிற்றில் வந்தால் புற்று என்ற பெயர் என்று பிரிக்கும் வழக்கம் வந்தது. திசு ஒன்றேதான், முகவரிதான் வித்தியாசம். பின்வயிற்றில் ஓரம் விட்டுச் சுத்தமாக வெட்ட இடமில்லை என்பதே முக்கியக் காரணம்.

பிறகு மரபணு வந்தது. இந்த வேஷதாரிக் கட்டியின் அணுக்களில், 12ஆம் குரோமோசோமைச் சேர்ந்த எம்.டி.எம்.2 என்ற மரபணு பல மடங்கு பெருகியிருக்கும். சாதா லைப்போமாவில் அப்படி இருக்காது. இப்போது ஊசியால் எடுத்த சின்னத் திசுவிலேயே இதைச் சோதித்துவிடலாம். பழைய காலத்தில் பின்வயிற்று லைப்போமா என்று எழுதிச் சந்தோஷமாக அனுப்பிய பல நோயாளிகள் உண்மையில் எதைச் சுமந்தார்கள் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அதனால்தான் "உலகிலேயே பெரிய கொழுப்புக் கட்டி அகற்றம்" என்ற செய்திகளைப் படிக்கும்போது, எத்தனை கிலோ என்பதைவிட எம்.டி.எம்.2 பார்த்தார்களா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்தியில் அது இருப்பதே இல்லை.

அறுவை மேசையில் இந்தக் குழப்பம் நேரடியாக இறங்கும். மெசென்ட்ரியில் இருக்கும் உண்மையான லைப்போமா என்றால், மெல்லிய உறையோடு மஞ்சளாகத் திரண்டு இருக்கும். ரத்தக் குழாய்களை விலக்கி, பலாச்சுளையை எடுக்கிற மாதிரி உறையோடு உரித்து எடுத்துவிடலாம். குடலுக்குப் போகும் குழாய் அதற்குள் மாட்டியிருந்தால் அந்தத் துண்டுக் குடலையும் வெட்டி, முனைகளை இணைக்க வேண்டும். பின்வயிற்றில் சந்தேகம் இருந்தால் உரிக்கவே கூடாது. உரித்தால் ஓரத்தில் மிச்சம் நிற்கும், உறை கிழிந்தால் சிதறும். ஒட்டியிருக்கிற சிறுநீரகம், பெருங்குடலின் ஒரு பகுதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக எடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் முன்கூட்டியே, இன்னொரு பக்கத்துச் சிறுநீரகம் தனியாகத் தாங்குமா என்று பார்த்து வைப்பார்கள். சாதுக் கட்டிக்கு இப்படிச் செய்தால் ஒரு நல்ல சிறுநீரகம் வீணாகப் போகும். புற்றுக்கு இப்படிச் செய்யாவிட்டால் முதல் வாய்ப்பே, அதாவது நல்ல வாய்ப்பு, போய்விடும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே திசுவை உறையவைத்து அவசரமாகப் பார்க்கும் முறை கொழுப்புக் கட்டியில் நம்பகமில்லை, கொழுப்பு சரியாக உறையாது. ஆகவே முடிவு கத்தி எடுப்பதற்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். அனுபவமுள்ள சர்ஜன், கதிரியலாளர், திசு பார்க்கிறவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யும் இடமாகப் பார்த்துப் போகச் சொல்வது இதனால்தான்.

நம் தொழிற்பேட்டைக்கு அப்படிப்பட்ட இடம் தூரமில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969இலிருந்து இருக்கிறது. சென்னையில் ஜெனரல் ஆஸ்பத்திரி, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் ஒரு பஸ் தூரம். கருவி பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது, கருவியையே இங்கே செய்கிறோம். தடை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. கம்பெனி மெடிக்கல் செக்கப் என்றால் பி.பி., சுகர், கண், காது, நெஞ்சு எக்ஸ்ரே. 2024இல் அரசு தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டமும் முதன்மையாக ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாதிரியான நோய்களுக்கானது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் வரிசையில் ஒவ்வொருவரையும் படுக்கவைத்து வயிற்றில் கை வைக்க யாருக்கு நேரம்? கோஷா திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் வயிற்றில் கை படாததற்குக் காரணம் சம்பிரதாயம். இங்கே காரணம் வரிசை. ஸ்கேன் கருவியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் முகாம் போடலாமே என்றால், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கருவிக்கும் பதிவும் இடமும் உண்டு, நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்த யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். அப்போது மிஞ்சுவது கைதான். ஒரு வயிற்றைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் கூட ஆகாது.

இன்னொரு நடைமுறைக் கஷ்டமும் உண்டு. பின்வயிற்றுக் கொழுப்புப் புற்று மெதுவாக நடக்கும் நோய். அறுவை முடிந்து ஐந்து, பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில் திரும்ப வரும். அதனால் ஆண்டுக்கணக்கில் சி.டி. எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி லைப்போமா என்று ரிப்போர்ட் வந்திருந்தாலும், பின்வயிறு என்றால் அந்தத் திசுவை மறுபடி சோதிக்கச் சொல்லலாம். திசு வைத்த மெழுகுக் கட்டை ஆஸ்பத்திரி லேபில் இருக்கும், எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் இந்தப் பகுதியில் ஒருத்தர் ஐந்து வருடம் ஒரே கம்பெனியில் இருப்பதே பெரிய விஷயம். கான்ட்ராக்டர் மாறுவார். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், 2017இலிருந்து இருக்கும் வரம்புப்படி, இ.எஸ்.ஐ. போய்விடும். வாடகை வீடு சுங்குவார்சத்திரத்திலிருந்து படப்பைக்கு மாறும், அல்லது ஆளே ஊருக்குத் திரும்பிவிடுவார். இத்தனை மாற்றத்திலும் அந்த சி.டி. தட்டு, அறுவைக் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், மெழுகுக் கட்டையின் நம்பர் நாலும் ஒரே கவரில் அவர்கூடவே போக வேண்டும்.